புகையூட்டிய அமெரிக்க சிங்கிள் மால்ட், ரம் பீப்பாயில்: ரம் ஏன் உடனே தெரிவதில்லை?

கேள்வியைச் சுருக்கினால் இதுதான். சியாட்டிலில் இருந்து வந்த மைத்துனர் உங்களுக்கு ஒரு பாட்டில் விஸ்கி கொடுத்திருக்கிறார். லேபிளில் பீட்டட் (பீட் புகையூட்டியது), அமெரிக்கன் சிங்கிள் மால்ட் (ஒரே வடிசாலையில் முளைகட்டிய பார்லியில் வடித்தது), ரம் கேஸ்க் (ரம் இருந்த பீப்பாய்) என்று மூன்று விஷயங்கள் இருக்கின்றன. ஆல்கஹால் 50 சதவீதம். திறந்து முகர்ந்ததும் ஆஸ்பத்திரி வராந்தா வாடை அடித்தது. குடித்தால் புகை. ரம் என்று சொல்லும்படி எதுவும் கிடைக்கவில்லை. பாட்டில் கெட்டுப்போய்விட்டதா, உங்கள் நாக்குதான் சரியில்லையா, ரம் பீப்பாய் என்பதே வியாபாரப் பேச்சா, அதில் சர்க்கரை சேர்த்திருப்பார்களா என்று வரிசையாகக் கேட்டிருக்கிறீர்கள். உண்மையில் நீங்கள் தெரிந்துகொள்ள நினைப்பது ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது: லேபிளில் எழுதியிருப்பதை மூக்கால் சரிபார்ப்பது எப்படி?

நான் வேதியியல் படித்துவிட்டு ஒரு வடிசாலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் பல வருடங்கள் இருந்தவன். அங்கே குடிப்பது வேலை அல்ல. முகர்வது, துப்புவது, எழுதிவைப்பது, அவ்வளவுதான். உங்கள் பாட்டிலின் பெயரை நீங்கள் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் முகர்ந்து பார்க்காத ஒன்றுக்கு நான் தீர்ப்பு எழுத முடியாது. ஆனால் நீங்கள் விவரித்த அளவில் பாட்டிலும் சரி, உங்கள் நாக்கும் சரி, நன்றாகவே இருக்கின்றன. அவசரம்தான் குறுக்கே நிற்கிறது. புகை வாசனை முதல் சில நிமிடங்களுக்கு மூக்கை மொத்தமாகப் பிடித்துக்கொள்ளும். மூக்குக்கு அது பழகிச் சலித்த பிறகுதான் அடியில் இருப்பது மேலே வரும். ரம் என்று ஒன்று இருந்தால் அங்கேதான் இருக்கும். எதைத் தேடுகிறோம் என்று தெரியாமல் தேட முடியாது என்பதால், முதலில் எந்த வாசனை எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடுவோம்.

பீட் என்பது சதுப்பு நிலத்தில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மக்கியும் மக்காமலும் கிடக்கும் செடிகொடிப் படிவம். வெட்டிக் காயவைத்தால் எரியும். பார்லியை ஊறவைத்து முளைகட்டி உலர்த்தினால் அது மால்ட்; உலர்த்தும்போது அடியில் பீட்டைப் புகையவிட்டால், ஈரமான தானியத்தின் தோலில் பீனால் குடும்பத்துச் சேர்மங்கள் ஒட்டிக்கொள்கின்றன. பீனால், கிரெசால், குவையகால் ஆகியவை இதில் முக்கியமானவை. குவையகால் விறகடுப்பு, தணலில் சுட்ட கத்திரிக்காய்த் தோல் பக்கம் போகும். கிரெசால் தார், கிருமிநாசினி, பேண்டேஜ் பக்கம் போகும். டெட்டாலில் வேலை செய்யும் பொருளும் பீனாலில் குளோரின் ஏறிய ஒன்றுதான். ஆகவே ஆஸ்பத்திரி வாடை என்று நீங்கள் எழுதியது பழுதின் அடையாளம் இல்லை. வேதியியல்படி பார்த்தால் மிகச் சரியான விவரிப்பு. நன்றாக முகர்ந்திருக்கிறீர்கள்.

பாட்டிலிலோ நிறுவனத்தின் தளத்திலோ பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு பீனால்) என்று ஒரு எண் இருந்தால் அதை வைத்துப் புகையின் அளவைக் கணிக்காதீர்கள். அந்த எண் மால்ட்டில் அளந்தது, விஸ்கியில் அல்ல. ஸ்காட்லாந்தின் ஆர்ட்பெக் வடிசாலை பயன்படுத்தும் மால்ட் சுமார் 55 பிபிஎம். ஆனால் அரைத்து, வெந்நீரில் ஊறவைத்து, நொதிக்கவிட்டு, இரண்டு முறை வடித்து முடிப்பதற்குள் அதில் பெரும்பகுதி கழிந்துவிடும். பீனால்கள் வடிப்பின் பின்பாதியில்தான் கூடுதலாக வரும். வடிப்பாளர் எந்த இடத்தில் நிறுத்தி, அதற்குப் பின் வருவதை ஒதுக்குகிறார் என்பதைப் பொறுத்து, ஒரே மால்ட்டில் இருந்து மெல்லிய புகையும் எடுக்கலாம், தார் ரோடும் போடலாம்.

அமெரிக்காவில் பீட் புகைக்கு நீண்ட மரபு கிடையாது. கென்டக்கியும் டென்னஸியும் மக்காச்சோள நாடு. அங்கே பீப்பாயைக் கரிப்பதுதான் கலை, தானியத்தைப் புகைப்பது அல்ல. இந்தப் பழக்கத்தைத் தொடங்கிவைத்தவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் ஓரிகன் மாநிலம் போர்ட்லேண்டில் கிளியர் கிரீக் வடிசாலையை நடத்திய ஸ்டீவ் மெக்கார்த்தி. பேரிக்காய் பிராந்தி காய்ச்சிக்கொண்டிருந்தவர், 1990-களில் ஸ்காட்லாந்தில் இருந்து புகையூட்டிய மால்ட்டை வரவழைத்து விஸ்கி வடித்தார். இன்றைக்கும் பெரும்பாலான அமெரிக்க பீட்டட் விஸ்கிகளின் நிலை அதுதான்: தண்ணீர், ஈஸ்ட், வடிகலம், பீப்பாய், வெயில் எல்லாம் அமெரிக்கா, புகை மட்டும் ஸ்காட்லாந்து. விதிவிலக்கு உண்டு. சியாட்டிலில் உள்ள வெஸ்ட்லேண்ட் வடிசாலை வாஷிங்டன் மாநிலத்துச் சதுப்பிலேயே வெட்டிய பீட்டைக் கொண்டு சோலம் என்ற விஸ்கியை 2023-இல் வெளியிட்டது. தென்மேற்கே அரிசோனாவின் டூசான், நியூ மெக்சிகோவின் சாண்டா ஃபே பக்கம் போனால் மெஸ்கீட் மரத்தில் புகையூட்டுகிறார்கள். மெஸ்கீட் நம்மூர் சீமைக்கருவேலத்தின் உறவு. அதன் புகை வேறு மாதிரி. மரப்புகையில் குவையகாலும் அதன் உறவான சிரிங்காலும் மிகுதி என்பதால் சுட்ட இறைச்சி மணம் வரும், மருந்து வாடை குறைவாக இருக்கும். உங்களுக்கு மருந்து வந்திருக்கிறது. அப்படியானால் லேபிள் சொல்வதுபோல அது பீட்தான். மூன்று விஷயத்தில் ஒன்று சரிபார்த்தாகிவிட்டது.

இரண்டாவது, அமெரிக்கன் சிங்கிள் மால்ட் என்ற பெயர். இது சட்டப்படியான வகையாக ஆனது அண்மையில்தான். அமெரிக்காவின் மது, புகையிலை வரி வாரியம் 2024 டிசம்பரில் விதியை வெளியிட்டு, 2025 ஜனவரி 19 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. முழுக்க மால்ட் பார்லி, முழு வடிப்பும் ஒரே அமெரிக்க வடிசாலையில், வடிப்பின் வலிமை 80 சதவீதத்துக்கு மிகாமல், 700 லிட்டருக்கு மிகாத ஓக் பீப்பாயில் அமெரிக்காவிலேயே முதிர்வு, பாட்டிலில் குறைந்தது 40 சதவீதம். உங்கள் கேள்விக்குத் தேவையான வரி இதில் ஒன்று இருக்கிறது: பீப்பாய் புதிதாகவும் இருக்கலாம், ஏற்கெனவே பயன்படுத்தியதாகவும் இருக்கலாம். இதற்கு முன்பு அங்கே மால்ட் விஸ்கி என்ற பெயர் வேண்டுமென்றால் 51 சதவீதம் மால்ட் பார்லி போதும், ஆனால் கரித்த புதுப் பீப்பாய் கட்டாயம். பழைய ரம் பீப்பாயில் முதல் நாளில் இருந்தே வைத்து முதிரவைத்தால் அந்தப் பெயர் கிடைக்காது. இப்போது அமெரிக்கன் சிங்கிள் மால்ட் என்ற பெயரே கிடைக்கும். ரம் பீப்பாய் விஸ்கிகளுக்கு அங்கே சட்டப்படி நிம்மதி வந்தது இப்படித்தான்.

இனி ரம் பீப்பாய். நிஜமான சிக்கல் இங்கேதான். பீப்பாய் என்றதும் ரம்முக்கென்றே செய்த ஏதோ ஒன்று என்று தோன்றும். அப்படி அல்ல. போர்பன் என்ற அமெரிக்க மக்காச்சோள விஸ்கிக்கு ஒவ்வொரு முறையும் கரித்த புதுப் பீப்பாய் வேண்டும் என்பது சட்டம்; ஒருமுறை பயன்படுத்தியதும் அந்த 200 லிட்டர் பீப்பாய்கள் மலிவாகக் கைமாறும். கரீபியத் தீவுகளில் ரம்மை முதிரவைப்பது பெரும்பாலும் இவற்றில்தான். சில ஆண்டுகள் ரம் இருந்துவிட்டு, அதே பீப்பாய் மறுபடி அமெரிக்காவுக்கு வந்து விஸ்கியைச் சுமக்கிறது. ஆக உங்கள் விஸ்கி படுத்திருந்த மரத்தில் பெரும்பாலும் முதலில் போர்பன், அப்புறம் ரம், மூன்றாவதாகத்தான் இது. வெனிலா மணமோ தேங்காய் மணமோ வந்தால் அது ரம் தந்தது என்று உடனே எழுதிவிடாதீர்கள். வெனிலின் ஓக் மரத்தின் லிக்னினைச் சுட்டதில் இருந்து வருவது. தேங்காய் மணம் ஓக்கில் இருக்கும் லாக்டோன். கிராம்பு மணம் யூஜினால், அதுவும் மரம்தான். இவை ரம்மே பார்க்காத பீப்பாயிலும் இருக்கும். கடைகளிலும் வலைத்தளங்களிலும் ரம் பீப்பாய் விஸ்கிக்கு எழுதும் குறிப்புகளில் பாதி இந்த மர வாசனைகளை ரம்மின் கணக்கில் வரவு வைத்தவைதான் என்பது என் அபிப்பிராயம்.

அப்படியானால் ரம்முக்கே உரியது எது? எந்த ரம் என்பதைப் பொறுத்தது. ஜமைக்காவில் சில வடிசாலைகள் முந்தின வடிப்பின் அடிக்கழிவைச் சேர்த்து நீண்ட நேரம் நொதிக்கவிடுகின்றன. அதில் எஸ்டர்கள் எக்கச்சக்கமாக உருவாகும். மிகுந்த எஸ்டர் கொண்ட வகைக்கு அங்கே உச்ச வரம்பு 100 லிட்டர் தூய ஆல்கஹாலுக்கு 1,600 கிராம். எஸ்டர் என்றால் மூக்குக்கு அன்னாசி, தோல் கறுத்த வாழைப்பழம், அளவு கூடினால் பசை, நெயில் பாலிஷ் ரிமூவர். கயானாவின் டெமரேரா ரம் வேறு குணம்: கனமான மொலாசஸ் (சர்க்கரை ஆலையில் மிஞ்சும் கரும்புப் பாகு), அதிமதுரம், பதனிட்ட தோல். மெட்ராஸ் துறைமுகத்தில் இருந்து 1840-களில் தொடங்கி ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர்கள் கப்பலேறிய நாடு அது. அங்கே போர்ட் மோரன்ட் என்றொரு கரும்புத் தோட்டம். கிரிக்கெட் ரசிகர்கள் ரோஹன் கன்ஹாய் பிறந்த ஊராக அதை அறிவார்கள். அந்த ஊர் பெயரைத் தாங்கிய மர வடிகலம் இன்றும் டைமண்ட் வடிசாலையில் ஓடிக்கொண்டிருக்கிறது. மார்ட்டினிக் தீவின் ரம் பெரும்பாலும் மொலாசஸில் இருந்து அல்ல, கரும்புச்சாற்றில் இருந்தே வடிப்பது. பச்சைக் கரும்பைக் கடித்தால் வரும் புல்வாசம் அதில் இருக்கும். பார்படாஸ் ரம் இவற்றுக்கெல்லாம் நடுவே மிதமாக நிற்கும். ரம் கேஸ்க் என்று மட்டும் போட்டு எந்த நாட்டு ரம் என்று சொல்லாத லேபிள் பாதிதான் சொல்லியிருக்கிறது. உங்களுடையதின் பின்பக்கத்தைப் பாருங்கள்.

இன்னொன்றும் பாருங்கள்: ஃபினிஷ் என்று போட்டிருக்கிறதா, முழு முதிர்வும் ரம் பீப்பாயில்தான் என்றிருக்கிறதா? ஃபினிஷ் என்றால் வேறு பீப்பாயில், அமெரிக்காவில் பெரும்பாலும் கரித்த புது ஓக்கில், வருடக்கணக்கில் இருந்துவிட்டுக் கடைசியில் சில மாதங்களோ ஒரு வருடமோ ரம் பீப்பாயில் வைத்தது. புது ஓக்கின் காரமெல், வெனிலா, காரம் எல்லாம் முன்னால் நிற்கும். ரம் அதற்குள் கரைந்துவிடும். முழு முதிர்வும் ரம் பீப்பாயில் என்றால் மரம் ஏற்கெனவே இரண்டு முறை சாறு கொடுத்துக் களைத்தது; நிறம் வெளிறி இருக்கும், மரம் அடக்கமாக இருக்கும், தானியமும் புகையும் பளிச்சென்று தெரியும், ரம்மின் எஸ்டர்களுக்கு வெளியே வர இடம் கிடைக்கும். பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வைக்கோல் நிறமாக இருந்தால் இரண்டாவது வகையாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் நிறம் நம்பகமான சாட்சி அல்ல. அமெரிக்க சிங்கிள் மால்ட்டில் காரமெல் நிறமி சேர்க்கச் சட்டம் அனுமதிக்கிறது. சேர்த்தால் லேபிளில் சொல்ல வேண்டும்.

சர்க்கரை பற்றிய பயத்தை இங்கேயே தீர்த்துவிடலாம். மொலாசஸில் உள்ள சர்க்கரை வடிகலத்தைத் தாண்டி வராது; ஆவியாவது ஆல்கஹாலும் வாசனைப் பொருள்களும்தான். சில ரம் நிறுவனங்கள் இனிப்புச் சேர்ப்பது உண்மை, ஆனால் அது வழக்கமாகப் பாட்டிலில் அடைக்கும் கட்டத்தில் நடக்கிறது. பீப்பாயின் மரத்தில் ஊறியிருப்பது பெரும்பாலும் சர்க்கரை இல்லாத ரம்தான். ஓக் மரத்தில் இருந்து மிகச் சிறிதளவு சர்க்கரை கரையும், நாக்கால் கண்டுபிடிக்கக்கூடிய அளவுக்கு அல்ல. விஸ்கியில் இனிப்பு என்று நாம் உணர்வது கிட்டத்தட்ட முழுக்க மூக்கின் வேலை. வெனிலாவையும் பழுத்த வாழையையும் இனிப்புப் பண்டங்களோடு சேர்த்தே முகர்ந்து வளர்ந்ததால் மூளை அதை இனிப்பு என்று பதிவு செய்கிறது. சந்தேகம் இருந்தால் மூக்கை இரண்டு விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள்: சூடு, கசப்பு, லேசான துவர்ப்பு மட்டும் மிஞ்சும். விரலை எடுத்ததும் எல்லாம் திரும்பி வரும். சர்க்கரை நோய் இருப்பவர்களுக்கு ஆல்கஹாலே தனிப் பிரச்சினை; அதை மருத்துவரிடம் கேளுங்கள், என்னிடம் அல்ல.

இப்போது முகரும் முறை. அகன்ற டம்ளர் வேண்டாம். அடி பருத்து வாய் குறுகிய கிளென்கேர்ன் போன்ற கண்ணாடி நல்லது. இல்லையென்றால் சின்ன ஒயின் கிளாஸ் போதும். வீட்டில் சாம்பிராணி போட்ட நாளிலும், தாளிப்பு முடிந்த உடனேயும், பக்கத்தில் யாராவது மல்லிகைப்பூ வைத்திருக்கும்போதும் உட்காராதீர்கள். காரமாகச் சாப்பிட்டால் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். ஊர் கோயம்புத்தூர் என்று போட்டிருக்கிறீர்கள். வெயில் காலத்து மத்தியானம் அறையே 32, 33 டிகிரி இருக்கும், அப்போது ஆல்கஹால் ஆவிதான் முதலில் மூக்கைத் தாக்கும். இரவில் பாருங்கள், அல்லது பாட்டிலைப் பத்து நிமிடம் மட்டும் ஃபிரிட்ஜில் வைத்து எடுங்கள். 15 மில்லி போதும். குழந்தைகளின் காய்ச்சல் சிரப்போடு வரும் பிளாஸ்டிக் மூடி இதற்கு அருமையான அளவுகோல்.

ஊற்றிவிட்டு ஐந்து நிமிடம் தொடாதீர்கள். பிறகு வாயைச் சற்றே திறந்துகொண்டு, கண்ணாடியின் விளிம்புக்கு மேலே மூக்கை வைத்து மெதுவாக இழுங்கள். முதலில் வருவது நீங்கள் சொன்னதேதான்: டெட்டால், சாம்பல், விறகு. பெரும்பாலானவர்கள் இங்கே நிறுத்திவிட்டு, புகை, வேறொன்றுமில்லை என்று எழுதிவிடுகிறார்கள். நீங்கள் நிறுத்தாதீர்கள். அரை நிமிடத்துக்கு ஒருமுறை அதையே முகர்ந்துகொண்டிருங்கள். வாசனைத் திரவியத் தொழிலில் இருப்பவர்கள் மூக்கு சலித்துவிடாமல் இருக்க இடையிடையே தங்கள் சட்டைக் கையையோ முழங்கையையோ முகர்வார்கள். இங்கே அதற்கு நேர்மாறாகச் செய்ய வேண்டும். புகைக்கு மூக்கு சலிக்க வேண்டும், அதுதான் நமக்குத் தேவை. ஒரே வாசனையைத் தொடர்ந்து முகர்ந்தால் அதன் மீதான உணர்வு மழுங்கும் என்பது நன்றாக நிறுவப்பட்ட விஷயம். நான்கைந்து நிமிடத்தில் டெட்டால் பின்வாங்கி, அதன் இடத்தில் ஏதோ ஒன்று தலைகாட்டும். அது கருப்பட்டிப் பாகா, தோல் கறுத்த வாழையா, அன்னாசியா, பச்சைக் கரும்பா, அல்லது வெறும் பிஸ்கட் வாசம் அடிக்கும் மால்ட்டா என்று அப்போது குறித்துக்கொள்ளுங்கள். பிறகு எழுந்துபோய் வெளியே காற்றாடிவிட்டு வந்து மறுபடி முகருங்கள். டெட்டால் திரும்பவும் முன்னால் வந்து நிற்கும். இந்த ஒரு சோதனை போதும், உங்கள் மூக்கில் குறை இல்லை என்று நம்புவதற்கு.

அடுத்தது தண்ணீர். புகை அதிகமாக இருந்தால் தண்ணீர் விட்டால் குறைந்துவிடும் என்று நினைப்பது இயல்பு. நடப்பது அப்படி அல்ல. ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்ல்சன், ஃபிரீட்மன் இருவரும் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், குவையகால் மூலக்கூறு எங்கே தங்குகிறது என்று பார்த்தார்கள். ஆல்கஹால் 45 சதவீதம் வரை அது திரவத்தின் மேற்பரப்புக்கு அருகே நிற்கிறது. 59 சதவீதத்துக்கு மேல் போனால் ஆல்கஹால் அதைச் சூழ்ந்து உள்ளே இழுத்துக்கொள்கிறது. அது கணினி உருவகம், நிஜ விஸ்கியில் நூற்றுக்கணக்கான சேர்மங்கள் இருக்கின்றன. எனவே அதைச் சட்டமாக எடுத்துக்கொள்ள வேண்டாம், ஆனால் முகர்வோரின் அனுபவத்தோடு அது ஒத்துப்போகிறது: 50 சதவீதத்தில் இருக்கும் புகையூட்டிய விஸ்கியில் முதல் கரண்டி தண்ணீர் விட்டதும் புகை ஒரு படி எகிறும். உங்கள் 15 மில்லியில் 4 மில்லி தண்ணீர் விட்டால் 40 சதவீதத்துக்குச் சற்றுக் கீழே வந்துவிடும். அங்கே புகை உச்சத்தில் இருந்தால் திகைக்காதீர்கள். இன்னொரு 6 மில்லி விட்டால் 30. அதற்கும் மேலே 12 மில்லி சொச்சம் விட்டால் 20 சதவீதம். கலவை செய்யும் ஆய்வறைகளில் நாங்கள் முகர்வது இந்த 20-இல்தான். ஆல்கஹாலின் எரிச்சல் போய்விடுவதால் ஒளிந்திருப்பது எல்லாம் வெளியே வரும், குறைகளும் சேர்த்து. குடிக்க அது சுகமாக இருக்காது, சப்பென்று இருக்கும். ரம்மைத் தேடுவதற்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. தண்ணீர் விட்டதும் லேசாகக் கலங்கினால் நல்லதே, குளிரவைத்து வடிகட்டாத விஸ்கி என்று பொருள்.

வாயில் வைக்கும்போது முதல் மிடறைக் கணக்கில் எடுக்காதீர்கள், அது வாயைப் பழக்குவதற்கு. இரண்டாவது மிடறை நாக்கின் மேல் பத்து நொடி உருட்டி, விழுங்கிவிட்டோ துப்பிவிட்டோ வாயை மூடிக்கொண்டு மூக்கு வழியாக மூச்சை விடுங்கள். தொண்டையின் பின்வழியாக மூக்குக்குப் போகும் அந்த மூச்சில்தான் ரம் பீப்பாய் மிகத் தெளிவாகப் பேசும். புகை நாக்கில் சாம்பலாக ஒட்டிக்கொண்டிருக்கும்போதே, மூச்சில் வாழைப்பழமோ மொலாசஸோ வந்தால் லேபிளின் மூன்றாவது சொல்லும் உண்மை. வரவே இல்லை என்றால்? பீப்பாய் களைத்தது, அல்லது ஃபினிஷ் நாள் போதவில்லை, அல்லது ரம்மே மிதமானது. இந்த மூன்றில் எது என்று கண்ணாடியை மட்டும் வைத்து யாராலும் சொல்ல முடியாது. சொல்கிறவர்கள் ஊகிக்கிறார்கள்.

ஒரு சின்னப் பரிசோதனையும் சொல்கிறேன், எனக்குப் பிடித்தது. காலி ரம் பீப்பாய் என்றாலும் அதன் மரத்துக்குள் சில லிட்டர் ரம் ஊறியே இருக்கும். 200 லிட்டர் பீப்பாயில் ஐந்து லிட்டர் என்று வைத்துக்கொண்டால் அது 2.5 சதவீதம். ரம் பீப்பாய் பார்க்காத ஒரு புகையூட்டிய மால்ட்டை எடுங்கள். பெங்களூரில் செய்யும் அம்ருத் பீட்டட் கிடைத்தால் போதும், அதிலும் புகையூட்டிய பார்லி ஸ்காட்லாந்தில் இருந்து வருவதுதான். இரண்டு கண்ணாடியில் தலா 20 மில்லி ஊற்றி, ஒன்றில் மட்டும் அரை மில்லி, அதாவது சுமார் பத்துச் சொட்டு ரம் விடுங்கள். ஜமைக்கா ரம் கிடைத்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். ஓல்ட் மாங்க் விட்டால் அதன் வெனிலா ஏறும், அதிலிருந்தும் ஒன்று கற்றுக்கொள்ளலாம்: நம்மில் பலர் ரம் வாசனை என்று மனதில் வைத்திருப்பது அந்த வெனிலாவைத்தான், அதைத் தேடிக்கொண்டு ஜமைக்கா பீப்பாய் விஸ்கியை முகர்ந்தால் கிடைக்காது. யாரையாவது கண்ணாடிகளை இடம் மாற்றி வைக்கச் சொல்லிவிட்டுக் கண்டுபிடித்துப் பாருங்கள். இது பீப்பாய் முதிர்வுக்கு ஈடாகாது. மரமும் காற்றும் வருடங்களும் செய்வதைச் சொட்டு மருந்தால் செய்ய முடியாது. எதைத் தேட வேண்டும் என்று மூக்குக்குக் காட்டிக்கொடுக்க இது போதும்.

கெட்டுப்போனதா என்ற கேள்விக்கு வருகிறேன். 50 சதவீத ஆல்கஹாலில் எதுவும் அழுகாது. கவலைப்பட வேண்டிய வாடைகள் இரண்டு. ஒன்று, நனைந்த அட்டைப்பெட்டி வாடை; பெரும்பாலும் கார்க் காரணம், இது குறையே. இன்னொன்று, நெயில் பாலிஷ் ரிமூவர். இது கொஞ்சம் சிக்கலானது. வடிப்பின் முதல் பகுதியைச் சரியாக ஒதுக்காவிட்டாலும் அந்த வாடை தரும் எத்தில் அசிட்டேட் மிகும். எஸ்டர் கூடிய ஜமைக்கா பீப்பாயில் இருந்தும் அதே வாடை வரலாம். கூடவே அன்னாசி, வாழை இருந்தால் நான் பீப்பாயின் பக்கம் சாய்வேன். தனியாக, கூர்மையாகக் குத்தினால் வடிப்பின் பக்கம் சாய்வேன். சாய்வேன் என்றுதான் சொல்ல முடியும், உறுதியாகச் சொல்ல ஆய்வக அளவீடு வேண்டும். அவித்த சோளம், பச்சை மாவு மாதிரி ஒரு வாசம் இருந்தால் அது வயது குறைந்த விஸ்கி. அமெரிக்க சிங்கிள் மால்ட்களில் பல இளமையானவை. ஸ்ட்ரெய்ட் என்ற சொல் லேபிளில் இருந்தால் குறைந்தது இரண்டு வருடம் என்று பொருள். வயது ஏற ஏறப் புகை அடங்கும் என்பதால், இளம் விஸ்கியில் டெட்டால் தூக்கலாக இருப்பதில் ஆச்சரியம் இல்லை.

இந்தக் கூட்டு எனக்குப் பிடிக்குமா என்றும் கடைசி வரியில் கேட்டிருக்கிறீர்கள். டெமரேரா அல்லது பார்படாஸ் பீப்பாய் என்றால் பிடிக்கும். கனமான மொலாசஸும் சாம்பலும் ஒன்றையொன்று தாங்கும். எஸ்டர் மிகுந்த ஜமைக்கா பீப்பாயும் கனத்த பீட்டும் சேர்ந்தால், என் மூக்குக்கு எரிந்த பழக்கடையாகத்தான் தெரிகிறது. அதையே கொண்டாடும் நண்பர்கள் எனக்கு உண்டு. ஸ்காட்லாந்திலும் இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். ஆர்ட்பெக் 2019-இல் வெளியிட்ட டிரம் என்ற விஸ்கி ரம் பீப்பாய் கண்டதுதான். புகையே இல்லாமல் ரம் பீப்பாய் என்ன செய்யும் என்று தனியாகப் பார்க்க வேண்டுமானால் ஸ்காட்லாந்தின் பால்வெனி வடிசாலையின் 14 வருட கரீபியன் கேஸ்க் நல்ல பாடம், விமான நிலையக் கடைகளில் கண்ணில் படும்.

ஐஸ் போடலாமா என்றால், போடலாம், உங்கள் பாட்டில். ஆனால் குளிர்ந்தால் எஸ்டர்கள் அடங்கி ரம் மறைந்துவிடும், புகையும் கசப்பும் மிஞ்சும். நீங்கள் தேடுவதற்கு அது நேர் எதிர். சோடா பரவாயில்லை, குமிழி வாசனையை மேலே தூக்கிவரும். கோலா வேண்டாம், அதற்கு இவ்வளவு விலை கொடுக்கத் தேவையில்லை. பாட்டிலை நிமிர்த்தி, வெயில் படாத அலமாரியில் வையுங்கள். படுக்கவைத்தால் ஆல்கஹால் கார்க்கை அரிக்கும். பாதிக்குக் கீழே இறங்கியதும் சின்ன கண்ணாடிப் பாட்டிலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள், உள்ளே காற்று கூடினால் முதலில் மங்குவது நீங்கள் இவ்வளவு பாடுபட்டுத் தேடும் அந்தப் பழ வாசனைதான். பின்பக்க லேபிளில் எந்த நாட்டு ரம், எத்தனை மாதம் என்று ஏதாவது இருந்தால் கீழே எழுதுங்கள், அதை வைத்து இன்னும் குறிப்பாகச் சொல்ல முடிகிறதா பார்க்கிறேன்.